ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்த அரை பாட்டில் மருந்து!

போன மாசம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம். கூட்டம் குறைந்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் பையன் சாப்பிடப் போயிருந்த நேரம். மூன்று வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு இளம்பெண் உள்ளே வந்தார். பின்னாலேயே மாமியார். பையனுக்கு இரண்டு நாளாகச் சளி, இருமல், லேசான காய்ச்சல். மாமியார் கையில் ஒரு மஞ்சப்பை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அதை என் மேஜை மேல் கவிழ்த்தார்.

ஆறு மருந்து பாட்டில்கள். ஒன்று பாதி, ஒன்று கால், ஒன்றில் அடியில் கொஞ்சம். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா.

"வைத்தியரய்யா, எல்லாம் ஃப்ரிட்ஜுல பத்திரமா வெச்சிருந்ததுதான். இதுல எதைக் குடுக்கலாம்னு பாத்துச் சொல்லுங்க. நூறு, எரநூறு குடுத்து வாங்கின மருந்து, வீணாப் போவானேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பை நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது. மஞ்சப்பையில் இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

"நீங்கதான் சித்த வைத்தியராச்சே, ஆன்ட்டிபயாடிக் பத்தி நீங்க ஏன் எழுதுறீங்க?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆன்ட்டிபயாடிக் எழுதிக் கொடுப்பதில்லை. அது என் வேலையும் இல்லை. தேவைப்படுகிற குழந்தையைக் குழந்தை டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஆனால் அங்கே போய்விட்டு வரும் வழியில் முக்கால்வாசிப் பேர் என்னிடமும் ஒரு எட்டு வந்துவிட்டுத்தான் போகிறார்கள். "இந்த மருந்து சூடாமே, நிறுத்திடலாமா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது 1996. பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, சொந்தமாகப் போர்டு மாட்டிய புதுசு. என் அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயசு. தொண்டை வலி, நல்ல காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. இருமலோ மூக்கொழுகலோ கிடையாது. அவர்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டுப் பத்து நாளைக்குப் பென்சிலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே பையன் தெருவில் பம்பரம் விட ஆரம்பித்துவிட்டான். அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

"தம்பி, காச்சலும் விட்டுப்போச்சு, வலியும் இல்லங்கான். இன்னும் ஏழு நாளைக்கு மாத்திரை இருக்கு. வாய் வேற புண்ணா இருக்குங்கான். நிறுத்திடட்டுமா?"

"நிறுத்திடுக்கா. சும்மா எதுக்கு உடம்புக்குச் சூடு?" என்றேன் நான்.

மூன்று வாரம் கழித்துப் பையனுக்கு முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. படியேறினால் மூச்சு வாங்கியது. ருமாட்டிக் காய்ச்சல்! இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. தீபாவளி, பரீட்சை, கல்யாண வீடு எதற்கும் விதிவிலக்கு இல்லை. இருபத்தைந்து வயசு வரைக்கும் போட்டுக்கொண்டான். ஏழு நாள் மாத்திரையை மிச்சம் பிடித்ததற்குப் பதினேழு வருஷம் ஊசி. இன்றைக்கு நன்றாக இருக்கிறான், அவனுக்கே ஒரு பெண் குழந்தை. வருஷம் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

தொண்டையில் வருகிற 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியின் குணம் அது. காய்ச்சலும் வலியும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். மருந்தே கொடுக்காவிட்டாலும்கூடப் பல குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். ஆனால் கிருமி தொண்டையிலேயே குடியிருக்கும். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு சக்தி, ஆளை மாற்றிப் பிடித்த போலீஸ் மாதிரி, நம் மூட்டையும் இதயத்தையும் தாக்கும். இந்தக் கிருமி இன்றைக்கும் பென்சிலினுக்குப் பணிந்துதான் போகிறது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்து, பத்து நாள் ஒழுங்காகக் கொடுத்தால் போதும், இதயம் தப்பித்துவிடும். பழைய மருந்து, விலையும் மலிவு. முழுசாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாத் தொண்டை வலிக்கும் பத்து நாள் மாத்திரை என்று புரிந்துகொண்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வருகிற தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இருமலோடு, குரல் கம்மி வந்தால் அது அநேகமாக வைரஸ்தான். ஆன்ட்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸிடம் அதன் பாச்சா பலிக்காது. சாதாரண ஜலதோஷம், ஃப்ளூ, அம்மை, டெங்கு எல்லாமே வைரஸ். "சளி மஞ்சளாப் போகுது டாக்டர், பச்சையா வருது" என்று பயந்து வருகிறார்கள். ஜலதோஷம் பழுக்கும்போது சளி மஞ்சளாகத்தான் போகும். நிறத்தை வைத்து மட்டும் மருந்து ஆரம்பிக்கக் கூடாது. இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும். பெற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. ஐந்தாம் நாள் டாக்டரை மாற்றுகிறார்கள், ஒன்பதாம் நாள் மருந்தை மாற்றுகிறார்கள், பதினோராம் நாள் தானாகவே சரியாகிறது. பெயர் கடைசி டாக்டருக்கு!

சரி, பைக்கு வருவோம்.

முதல் பாட்டில், அமாக்சிசிலின் ட்ரை சிரப். தண்ணீர் ஊற்றிக் கலக்கி இரண்டு மாசம் ஆகிவிட்டது. பாதி இருந்தது. "ஃப்ரிட்ஜுலதானே இருந்துச்சு?" என்றார் மாமியார். இந்த மாதிரி மருந்தைப் பொடியாக விற்பதற்குக் காரணமே, தண்ணீர் பட்டதும் அதன் வீரியம் குறையத் தொடங்கிவிடும் என்பதுதான். கலக்கியபின் பெரும்பாலான பாட்டில்களுக்கு ஆயுள் ஒரு வாரம். சிலவற்றுக்குப் பத்து நாள், அதற்கு மேலும் உண்டு. லேபிளில் போட்டிருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா, வெளியே வைக்கலாமா என்பதும் அதிலேயே இருக்கும். பாட்டிலின் மேல் 'எக்ஸ்பைரி' என்று அச்சடித்திருக்கும் தேதி, பொடி பொடியாக இருக்கும்வரைதான். தண்ணீர் ஊற்றிய நிமிஷத்தோடு அந்தத் தேதி செல்லாது. அதனால் கலக்கிய உடனே ஒரு பேனாவை எடுத்து லேபிளில் தேதியை எழுதிவிடுங்கள்.

கலக்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. என் கண்ணெதிரே ஒரு அப்பா, மருந்துக் கடை வாசலிலேயே தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து பாட்டிலுக்குள் பீய்ச்சினார். இன்னொரு வீட்டில் 'சுத்தமா இருக்கட்டும்' என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டும் தப்பு. காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீர் வேண்டும். சில கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பியும் வைத்திருப்பார்கள், அது இருந்தால் அதையே ஊற்றுங்கள். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் இறுகிக் கிடக்கும் பொடியை உதிர்க்க வேண்டும். பாதி அளவு தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கட்டும். மருந்து மட்டம் கீழே இறங்கியிருக்கும். இப்போது லேபிளிலோ பாட்டிலிலோ இருக்கும் கோடு வரைக்கும் மறுபடி ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரையைப் பார்த்து ஏமாந்து கோட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டால் மருந்து கட்டியாகிவிடும். 'பிள்ளைக்குக் கசக்குமே' என்று கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் முதல் இரண்டு நாள் வெறும் இனிப்புத் தண்ணீர், கடைசி நாளில் மருந்தெல்லாம் மொத்தமாக!

இரண்டாவது பாட்டில் அதே மருந்துதான். ஆனால் அது பையனின் அக்காவுக்கு வாங்கியது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பெயர் ஒன்று, கம்பெனி ஒன்று, பெட்டியின் நிறம்கூட ஒன்றுதான். ஒன்றில் 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் மருந்து. இன்னொன்றில் அதே 5 மி.லி.யில் 250. இந்தப் பையன் 13 கிலோ. போன தடவை டாக்டர் இவனுக்குச் சின்ன பாட்டிலில் 6 மி.லி. எழுதியிருந்தார், அதாவது 150 மில்லிகிராம். பாட்டி ஞாபகமாக அதே 6 மி.லி.யை அக்கா பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் 300 போய்விடும். 'ஆறு மில்லி' என்று ஞாபகம் வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. எந்த பாட்டிலில் ஆறு மில்லி என்பதுதான் கணக்கு.

குழந்தைகளுக்கு டாக்டர்கள் மருந்து எழுதுவது வயசைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து. அதனால்தான் குழந்தை டாக்டரிடம் போனதும் முதலில் எடை மெஷினில் நிறுத்துகிறார்கள். நிறுத்தவில்லையா? "எடை பாத்துடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை. ஒன்பது மாதம் முன்பு எழுதிய சீட்டு இன்றைக்குச் செல்லாது. பிள்ளை இரண்டு கிலோ ஏறியிருக்கும். நோயைப் பொறுத்தும் அளவு மாறும். ஒரே மருந்தையே காது வலிக்கு ஒரு அளவும் நிமோனியாவுக்கு ஒரு அளவும் எழுதுவார்கள்.

அமாக்சிசிலினில் ஒரு வேளை அளவு கூடிப்போனால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். எல்லா மருந்தும் அப்படி மன்னிக்காது. ஜென்டமைசின், அமிக்கசின் போன்ற ஊசிகளில் அளவு பிசகினால் காது கேட்பதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதனால்தான் அவற்றை ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாத்தான் சரியாகும்" என்று நாமே கேட்டு வாங்கக் கூடாது.

அளப்பது எதால்? அந்த மருமகளிடம் கேட்டேன். "ஸ்பூன்லதான் டாக்டர்." எந்த ஸ்பூன்? டீ ஆற்றும் ஸ்பூன் ஒன்று, ஊறுகாய் ஸ்பூன் ஒன்று, பாயசம் சாப்பிடும் ஸ்பூன் ஒன்று. என் வீட்டு ஸ்பூன்களையே ஒருநாள் அளந்து பார்த்தேன். ஒன்றில் 3 மி.லி., ஒன்றில் 7. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவார்கள், அதற்கும் அளவு கிடையாது. பாட்டிலோடு வரும் அளவு மூடியை உபயோகியுங்கள். அதைவிட நல்லது, மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்வது. சில ரூபாய்தான். ஊசியையும் அதன் மூடியையும் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், அந்தச் சின்ன மூடி குழந்தை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். அழுகிற பிள்ளையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். மருந்து நுரையீரலுக்குள் போனால் நாம் வைத்தியம் பார்க்க வந்த நோயைவிடப் பெரிய நோய் வந்துவிடும்.

பால் பாட்டிலில் கலந்து கொடுப்பதும் வேண்டாம். பிள்ளை பாதிப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது பாட்டிலைப் பார்த்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. ஆஃப்லாக்சாசினும் ஆர்னிடசோலும் கலந்த சிரப். "போன வருஷம் பேதியானப்போ கடையில குடுத்தாங்க. அப்புறம் எப்ப வயிறு போனாலும் இதுதான் குடுப்போம், ஒடனே நிக்கும்" என்றார் மாமியார். குழந்தைகளுக்கு வருகிற தண்ணீர்ப் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அது உடனே நின்றது மருந்தால் அல்ல, நிற்கிற நேரம் வந்ததால். பேதிக்கு உயிர் காக்கும் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். கூடவே துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். பேதி நின்ற பிறகும் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தால், காலராவாக இருந்தால், அப்போதுதான் ஆன்ட்டிபயாடிக் பேச்சு. அதையும் டாக்டர்தான் பேச வேண்டும்.

நான்காவது, பிரிக்காத அசித்ரோமைசின் பொடி. யாரோ வாட்ஸ்அப்பில் பாட்டில் படத்தை அனுப்பி, "எங்க பாப்பாவுக்கு இதுலதான் கேட்டுச்சு" என்றாராம். சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்திருக்கிறார்கள். ஆன்ட்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சில வீரியமான ஆன்ட்டிபயாடிக்குகளை 2014 முதல் 'ஹெச்-1' என்ற தனிப் பட்டியலில் வைத்து, யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். 2016-ல் மத்திய அரசு, அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள் என்று விளம்பரமும் செய்தது. கோடு இருக்கிறது. பார்ப்பவர்தான் குறைவு.

ஐந்தாவது பாட்டிலில் லேபிளே இல்லை. ஈரத்தில் உரிந்துவிட்டது. இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. "இது என்னன்னு வாசனையை வெச்சுச் சொல்ல முடியாதா அய்யா?" என்றார். மூலிகை என்றால் முயற்சி பண்ணியிருப்பேன்!

ஆறாவது, பாராசிட்டமால். அது ஆன்ட்டிபயாடிக்கே இல்லை, காய்ச்சலைத் தணிப்பது. ஆனால் அதிலும் சொட்டு மருந்து, 125, 250 என்று வெவ்வேறு வீரியம் உண்டு. சொட்டு மருந்தில் ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து அதை மூடியில் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கு நடுவே பையனின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினேன். 32. இந்தக் கணக்கு எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயசு வரைக்கும் 50, ஐந்து வயசு வரைக்கும் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் மணிக்கணக்கு பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே என் கஷாயத்துக்கு இடம் இல்லை. ஆன்ட்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும் இடம் அது. அப்போது 'சூடு' என்று தயங்குவதும் தப்பு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, இவையும் அப்படித்தான்.

இந்தப் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான். அவனுக்கு ஆன்ட்டிபயாடிக் தேவையில்லை. ஆடாதோடையும் கற்பூரவள்ளியும் சேர்ந்த மணப்பாகு கொஞ்சம், வெதுவெதுப்பான ரசம், ஓய்வு. அது இருமலுக்கு இதம், அவ்வளவுதான். சீழ் பிடித்த காதையோ ஸ்ட்ரெப் தொண்டையையோ அது குணமாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று: எங்கள் மருந்துகளுக்கு அனுபானம் பெரும்பாலும் தேன்தான். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. 'பொட்டுலிசம்' என்ற கொடிய நோயை உண்டாக்கும் விஷக்கிருமியின் வித்து அதில் இருக்கலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுக்கச் சொல்லித்தான் நான் சொல்வேன்.

மருமகள் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் பையை மடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"டாக்டர், டாக்டரம்மா எழுதிக் குடுத்தா எத்தனை நாள்தான் குடுக்கணும்? பாட்டில் தீர்ற வரைக்குமா?"

நல்ல கேள்வி. பாட்டில் தீரும்வரை இல்லை, டாக்டர் சொன்ன நாள் வரை. ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பத்து நாள். சாதாரண நிமோனியாவுக்கு இப்போதெல்லாம் ஐந்து நாளே போதும் என்கிறார்கள். டைஃபாய்டுக்கு ஒரு வாரத்துக்கும் மேலே. நோய்க்கு நோய் மாறும். அதனால் சீட்டு எழுதும்போதே "எத்தனை நாள் டாக்டர்?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில சமயம் ஒரு பாட்டில் ஐந்து நாளைக்குப் பத்தாது, இரண்டாவது வாங்க வேண்டிவரும். "ஒரு பாட்டில் முடிஞ்சுது, கோர்ஸ் முடிஞ்சுது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாறாக, டாக்டரே மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, "இது வைரஸ்தான், நிறுத்திடுங்க" என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். நாமாக நிறுத்தக் கூடாது, நாமாக நீட்டவும் கூடாது.

"ரெண்டு நாள் குடுத்தும் காய்ச்சல் விடலைன்னா?"

இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லையென்றால் மருந்தை மாற்றாதீர்கள், அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். டைஃபாய்டில் சரியான மருந்து கொடுத்தும் காய்ச்சல் விட நாலைந்து நாள் ஆகும். அது தெரியாமல் மூன்றாம் நாள் வேறு டாக்டர், வேறு மருந்து என்று அலைந்து, கடைசியில் எந்த மருந்தும் முழுசாகப் போகாமல் படுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"ராத்திரி தூங்கற பிள்ளையை எழுப்பணுமா?" வேண்டாம். மூன்று வேளை என்றால் பெரும்பாலான மருந்துக்குக் காலையில் எழுந்ததும், மத்தியானம், படுக்கப் போகும்போது என்று கொடுத்தால் போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மத்தியான வேளை தவறும் என்று முன்னாலேயே சொன்னால், இரண்டு வேளை மருந்தாக எழுத முடியுமா என்று டாக்டர் பார்ப்பார். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கொடுத்த உடனே வாந்தி எடுத்துவிட்டால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மாமியார் கேள்வி. "பத்தியம் ஏதும் உண்டா அய்யா? தயிர் குடுக்கலாமா?"

தயிர் தாராளமாகக் கொடுக்கலாம். அமாக்சிசிலின் குடிக்கும் பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் இளகும், நல்ல கிருமிகளும் சேர்ந்து சாவதால் வருவது அது. சிப்ரோஃப்ளாக்சாசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகளைத்தான் பால், தயிர், இரும்புச் சத்து டானிக், ஜிங்க் இவற்றோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மருந்து வயிற்றிலேயே கட்டுப்பட்டு உடம்பில் சேராமல் போய்விடும். இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து டெட்ராசைக்ளின் எட்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளின் பல்லைக் காவியாக்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது உண்மை. ஆனால் நம் ஊர்ப்பக்கம் வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு, உடம்பில் ஒரு கறுப்புப் பொருக்கோடு வருமே அதற்கு, டாக்ஸிசைக்ளின்தான் முக்கிய மருந்து. சில நாள் கொடுப்பதால் பல் கெடுவதில்லை என்று தெரிந்துவிட்டதால் சின்னப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறார்கள். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து குடித்ததும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பினால், முகம், உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்து, வாழ்நாள் முழுக்க எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எந்தச் சின்னப் பொரிப்பையும் நாமே 'பென்சிலின் அலர்ஜி' என்று முத்திரை குத்திவிடக் கூடாது. வைரஸ் காய்ச்சலிலேயே பொரிப்பு வரும். அலர்ஜி என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இல்லை. முத்திரை விழுந்தால், மலிவான நல்ல மருந்து அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடும்.

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்கு ஒருவர் தானாகவே பென்சிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல், மருந்தைச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு அந்த மருந்து கேட்கவில்லை, இறந்துபோகிறார். மருந்து கடைக்கு வரத் தொடங்கிய காலத்திலேயே சொன்னது இது. நம் நாட்டிலும் 2012-ல் சென்னையில் பல மருத்துவ சங்கங்கள் கூடி, ஆன்ட்டிபயாடிக்கைக் கண்டபடி உபயோகிப்பதைத் தடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் கண்கண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சாசின் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் கேட்பதில்லை. மிச்ச மருந்தை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கிருமிகளுக்குப் பாடம் நடக்கிறது.

மருந்தே தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ரோட்டா வைரஸ் பேதிக்குத் தடுப்புச் சொட்டு 2016 முதலும், நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி 2017 முதலும் அரசுத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்ந்தன. இப்போது அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பாராசிட்டமாலை மட்டும், தேதி இருந்ததால், திருப்பிக் கொடுத்தேன். "மத்த அஞ்சையும் என்ன பண்றது, தொட்டியில ஊத்திடட்டுமா?" என்றார் மருமகள். வேண்டாம், சாக்கடைக்குப் போனால் அங்கிருக்கும் கிருமிகளும் பழகிக்கொள்ளும். டீத்தூள் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடச் சொன்னேன்.

மாமியார் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இது நீங்க குடுத்த சூரணம்தான் அய்யா. மூலிகைதானே, இதுவாச்சும் ஆகுமா?"

மூடியைப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே தேதி போட்டிருந்தது. கெடு முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திறந்தால் சிக்கு வாடை. அதையும் அந்தக் கவரிலேயே போடச் சொன்னேன்.